முதலாளி நட்ட ஆர்க்கிட்

ஏற்காட்டு எஸ்டேட் முதலாளி தண்டபாணிக்குத் தெரியாதது எதுவும் கிடையாது; கேட்டால் அவரே சொல்வார். ஒருநாள் ஆர்க்கிட் பூச்செடித் தொட்டிகளை எட்டிப் பார்த்தவர் தோட்டக்காரி வெள்ளச்சியைப் பிடித்துக்கொண்டார்.

"கரித்துண்டுலயும் ஓட்டுச்சில்லுலயும் செடி வளருமா? நாப்பது தொட்டிக்கும் செம்மண்ணும் சாணியும் போடு. அடுத்த மாசம் மலர்க் கண்காட்சி நடுவர் வர்றப்ப ஒண்ணு வாடியிருந்தாலும் உனக்கு வேலையில்ல."

வெள்ளச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மண்ணில் வைத்தால் காற்றில்லாமல் வேர் அழுகிவிடும். மாட்டேன் என்றால் வேலை இன்றைக்கே போகும். சரி என்றால் அடுத்த மாதம் போகும்.

"மொதத் தொட்டிய உங்க ராசியான கையால வச்சுக் குடுங்க. அது துளிர்த்ததும் மத்ததுக்கு மண்ணு மாத்திடறேன்," என்றாள்.

முதலாளி பூரித்துப்போய் நட்டார். தன் பெயரெழுதிய சீட்டையும் அதில் குத்தினார். தினமும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். மற்றதற்கும் எப்போது மண்ணைப் போடச் சொல்வாரோ என்று, அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வெள்ளச்சி தொட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

நடுவரம்மா வந்த அன்று முப்பத்தொன்பது தொட்டிகள் ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்து நின்றன. ஒன்று மட்டும் அழுகிக் கிடந்தது. அந்தம்மா குனிந்து அதன் சீட்டைப் படித்துவிட்டு முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

முதலாளி வெள்ளச்சியை முறைத்தார். "இது ஏன் இப்படி ஆச்சு?"

"தெரியலீங்களே. நீங்க சொன்னபடிதான் எல்லாம் செஞ்சதுங்க. மத்ததுக்கும் இன்னைக்கே மண்ணு மாத்திடட்டுங்களா?"

முதலாளி சீட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கரியே இருக்கட்டும்," என்றார்.