ஐந்து சொட்டுத் தண்ணீர்

இந்தக் கதையில் ஒருவர் பொய் சொல்கிறார், ஒருவர் வாய் திறக்காமல் இருக்கிறார், ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். மூவருமே ராசியப்பனுக்கு நல்லதை நினைத்தவர்கள். அதை மறக்காமல் கேளுங்கள்.

ராசியப்பன் திருப்பூரில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை பாதி விளங்காமல் போனதும் வீட்டோடு இருந்துவிட்டார். மனைவி மரகதத்துக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகள் தாரணி நர்சிங் படிக்க சேலத்துக்குக் கிளம்பியபோது, பகலெல்லாம் அப்பா தனியாக இருப்பாரே என்று ஒரு ஜோடி ஃபிஞ்ச் குருவிகளைக் கூண்டோடு வாங்கி வைத்துவிட்டுப் போனாள். உள்ளங்கைக்குள் அடங்கும் குருவிகள். ஆணுக்குக் கன்னத்தில் செம்மண் நிறத் திட்டு இருக்கும், பெட்டைக்கு இருக்காது.

முதலில் ராசியப்பன் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. நாலைந்து மாதத்தில் தினையை ஊதி உமி போக்குவது, தண்ணீர்க் கிண்ணம் கழுவுவது எல்லாம் அவர் வேலையாகிவிட்டது. நடுங்கும் கையோடு செய்து முடிக்க முக்கால் மணி நேரமாகும். "டூட்டி முடிஞ்சுதுங்க" என்று யாரும் இல்லாத வீட்டில் சொல்லிக்கொள்வாராம்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். பெட்டை கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு பந்துபோல உட்கார்ந்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. கம்பிக்குத் தாவப் பார்த்து விழுந்தது. மரகதத்தின் போன் கம்பெனி லாக்கரில் இருந்தது. தாரணி வகுப்பில் இருந்தாள். மயங்கி விழுகிற பயணிக்குக் குளுக்கோஸ் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். அதையே தண்ணீரில் கரைத்தார். இங்க் ஃபில்லரில் எடுத்து, குருவியின் அலகைப் பிரித்து ஐந்து சொட்டு விட்டார். கை நடுங்கியது. குருவி தலையை உதறியது. மூக்குத் துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வெளியே வந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு, துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

கால்நடை டாக்டர் ஷமீமா வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"முட்டை உள்ள சிக்கியிருக்குங்கய்யா."

"அமுக்கி எடுத்தரலாங்களா?"

"அமுக்கினா உள்ளயே உடைஞ்சு உயிர் போயிரும். சூடும் ஈரமும் வேணும். கால்சியம் போடறேன்."

பெட்டிக்குள் ஈரத்துண்டு விரித்து, பக்கத்தில் பல்ப் எரியவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் முட்டை வந்துவிட்டது. தோல் போல மெல்லிய ஓடு. ராசியப்பன் சிரித்தே விட்டார். ஆனால் குருவி வாயை மூடவில்லை. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே ஏதோ சொடுக்குவது போலச் சத்தம் கேட்டது. மாலை நாலரை மணிக்கு அது தலையைச் சாய்த்துவிட்டது.

"வாயில கொஞ்சம் தண்ணி விட்டனுங்க. அது தப்புங்களா?" என்று கேட்டார் ராசியப்பன்.

டாக்டர் அவருடைய நடுங்கும் கையைப் பார்த்தார்.

"இல்லீங்கய்யா. முட்டை ரொம்ப நேரம் சிக்கிருச்சு. நீங்க கொண்டு வந்ததே பெருசு."

வேலை முடிந்து மரகதம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும் டாக்டர் அவளைத் தனியே அழைத்தார். "முட்டையால சாகலீங்க. தண்ணி நுரையீரலுக்குப் போயிருச்சு. இன்னொரு குருவி இருக்கு. அதுக்கு வாயில எதையும் ஊத்த வேண்டாம்னு அவருகிட்டப் பக்குவமாச் சொல்லிருங்க."

மரகதம் தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை. இங்க் ஃபில்லரையும் குளுக்கோஸ் டப்பாவையும் குப்பையில் போட்டாள். மகளிடம் மட்டும் போனில் சொல்லி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை தாரணி வந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லலயா?"

"ஏற்கெனவே பாதி ஆளா இருக்காரு. இதையும் சொல்லி மீதியையும் எடுக்கவா?"

"நாளைக்கு ஆண் குருவிக்கு முடியாமப் போனாலும் அப்பா தண்ணிதாம்மா ஊத்துவாரு."

ராசியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாரணி அவர் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"எத்தனை தண்ணி போனா சாகும் கண்ணு?"

"ஒரு சொட்டு போதும்ப்பா."

"நான் அஞ்சு விட்டேன்."

எழுந்து போய்க் கை கழுவினார்.

ஐப்பசி மழையில் ஆண் குருவியும் இறகை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. ராசியப்பன் அதன் அலகைத் தொடவில்லை. அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதை வைத்து, ஒரு பக்கம் பல்ப் எரியவிட்டு, சூடு ஏறியதும் பெட்டியோடு டாக்டரிடம் கொண்டு போனார். ஒரு வாரத்தில் குருவி பிழைத்துக்கொண்டது. ஆனால் தினையை இப்போது மரகதம்தான் ஊதுகிறாள். சேலத்திலிருந்து போன் வந்தால் ராசியப்பன் எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் மரகதத்திடம் நீட்டிவிடுகிறார்.

பொய் சொன்ன டாக்டர், மறைத்த மனைவி, சொல்லிவிட்ட மகள். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தாரணி செய்ததே சரி. அவள் சொல்லியிராவிட்டால் இரண்டாவது குருவியும் அதே அன்பில் செத்திருக்கும். மரகதம் ஃபில்லரைத்தான் தூக்கி எறிந்தாள். ஊற்றுவதற்கு வீட்டில் ஸ்பூன் இருந்தது. ஆனால் இந்தப் பாரம் தாரணியின் தலையில் விழுந்திருக்கக் கூடாது. "இது நிறையப் பேருக்குத் தெரியாதுங்கய்யா, இனிமே வாயில ஊத்தாதீங்க" என்று டாக்டரே அன்றைக்குச் சொல்லியிருந்தால், ராசியப்பன் அழுதிருப்பார், ஆனால் மகளோடு பேசிக்கொண்டிருப்பார். பொங்கல் லீவில் தாரணி கேட்டாளாம், தான் சொன்னது தப்பா என்று. "தப்பில்ல கண்ணு," என்றார் அவர். "நீ சொல்லாம வேற யாராச்சும் சொல்லியிருக்கலாம்."