அப்பா விராலும் தவளையும்

ஒரு ஊர்ல ஒரு ஏரி. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியாது, அவ்வளவு பெருசு. அந்த ஏரியில ஒரு அம்மா விரால் மீனைத் தணிகாசலம்னு ஒருத்தரு கடைசியா உயிரோட பாத்தது ஒரு செவ்வாக்கிழமை காலையில. ம் சொல்லணும், சரியா?

தணிகாசலத்துக்கு என்ன வேலைன்னா, எந்த மீன் எங்க முட்டை போடுது, எப்படிப் போடுதுன்னு பாக்குறது. பரிசல்ல போவாரு. அடியில கண்ணாடி வெச்ச டப்பாவைத் தண்ணியில அமுக்கிக் குனிஞ்சு பாப்பாரு. விரால் சங்கதி மட்டும் அவருக்குப் புடிபடவே இல்ல. மதகுப் பக்கம் ஆழத்துல தேடினாரு, இல்ல. பாறைச் சந்துல தேடினாரு, இல்ல. அப்புறம் அந்தச் செவ்வாக்கிழமை, கரையோரமா முழங்கால் தண்ணியில பாத்தா, பாசியை வட்டமா ஒதுக்கி வெச்சிருக்கு. நடுவுல மஞ்சமஞ்சளா ஜவ்வரிசி மாதிரி முட்டை மிதக்குது! கீழ அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் காவல். ம் சொல்லு.

அப்புறம் மழை. மழை விட்டுப் போய்ப் பாத்தா, முட்டையெல்லாம் பொரிஞ்சு செவப்பு நூல் மாதிரி குஞ்சுங்க. கூட்டமா மேல வந்து புளக், புளக்னு காத்து குடிக்குது. அம்மாவைக் காணோம். அப்பா மட்டும் சுத்திச் சுத்தி வருது.

அப்போ அவரு பொண்டாட்டியோட தம்பி கோதண்டம், தூண்டிலும் தவளையுமா வந்தான்.

"மாமா, பொம்பள மீனு நேத்தே குழம்பாயிடுச்சு. இன்னிக்கு ஆம்பள. குஞ்சுக்கு நடுவுல தவளைய விட்டா லபக்னு கவ்வும். பேராசை புடிச்ச மீனு!"

அங்க எல்லாரும் விராலை அப்படித்தான் புடிப்பாங்க.

"அது பசியில கவ்வலடா."

"பின்ன, என் மேல இருக்குற மரியாதையிலயா?"

தணிகாசலம் சிரிக்கல. அப்பாவும் போயிட்டா, தவளையும் மத்த மீனும் தின்னு சாயங்காலத்துக்குள்ள குஞ்சுங்க காலி. "தூண்டில் முள்ளு இல்லாம இரையை விட்டுப் பாரு. முழுங்கிச்சுன்னா நீயே புடிச்சுக்க"ன்னுட்டாரு.

மொதல்ல மண்புழு விட்டான். மீன் திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறம் இறால் விட்டான். அதையும் சீந்தல.

"வயிறு சரியில்லையோ என்னமோ"ன்னான் கோதண்டம்.

அப்புறம் தவளையை நூல்ல கட்டி, குஞ்சுங்க நடுவுல விட்டான்.

சளார்!

பாஞ்சு வந்து கவ்விடுச்சு. முழுங்கிடுச்சா? ம்ஹூம். கவ்வினபடியே தூரமா இழுத்துட்டுப் போய், த்தூன்னு துப்பிட்டு, விறுவிறுன்னு குஞ்சுங்ககிட்ட ஓடியாந்துடுச்சு.

கோதண்டம் தலையைச் சொறிஞ்சான். "அப்போ நேத்து அந்தப் பொம்பள மீனும்..."னு ஆரம்பிச்சவன் நிறுத்திட்டான். அப்புறம் தவளை கால்ல இருந்த நூலை அவுத்து விட்டான். தொபுக்குன்னு குதிச்சு ஓடிப்போச்சு.

"அக்கா கேட்டா மீனு சிக்கலன்னு சொல்லிடுங்க மாமா"ன்னுட்டுத் தூண்டிலைச் சுருட்டினான்.

என்ன கேக்குற? குஞ்செல்லாம் பொழச்சுதா? எல்லாம் இல்லடா கண்ணு. கொஞ்சம் கொக்குக்குப் போச்சு. மிச்சம் கறுத்து, பெருசாகி, தனித்தனியா போயிடுச்சு. அப்பாவும் ஆழத்துக்குப் போயிடுச்சு. கதை அவ்வளவுதான், போர்வைய இழுத்துக்க, கண்ணை மூடு. அந்த ஏரியில இப்பவும் விரால் இருக்கு. நிறைய இல்ல, இருக்கு.