பேனரில் ஒரு சொல்

பேராசிரியர் தேவசிகாமணி இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. அவர் நினைவாக மலர் ஒன்று கொண்டுவர அவர் கற்பித்த கல்லூரி முடிவு செய்தது. வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வேலை பல்கீஸின் தலையில் விழுந்தது. தேவசிகாமணியின் மாணவரான பேராசிரியர் கோமதிநாயகத்திடம் சமயவியலில் ஆராய்ச்சி செய்கிறவள் அவள். தானும் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள்.

பிறந்த ஊர், படிப்பு, எழுதிய நூல்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. ஒன்று மட்டும் சிக்கவில்லை. பேரை வைத்தும் சொல்ல முடியாது. தேவசிகாமணி என்ற பேரில் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு.

"சார், உங்க சார் என்ன மதம்?"

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நானும் இதக் கேட்டேன். கேக்கக் கூடாத அன்னைக்குக் கேட்டேன்."

"யார்கிட்ட?"

 அவர் நடந்ததை முதலிலிருந்து சொன்னார்.

தேவசிகாமணி இறந்த அன்று காலை அவர் மனைவி போன் செய்தாராம். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருக்கிறார், பதினோரு மணிக்கு வண்டி வரும், அதற்குள் வந்துவிடுங்கள் என்று. கோமதிநாயகம், ஞானதுரை, காஜா மைதீன் மூவருக்கும் தகவல் போனது. மூவரும் அவரிடம் படித்தவர்கள், மூவரும் சமயம் கற்பிப்பவர்கள். சாருக்குப் பேனர் இல்லாமல் எப்படி என்று நேராகக் கடைக்குப் போனார்கள். அப்போது மணி எட்டரை.

கடைக்காரர் கணினி முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

"பேருக்குக் கீழ என்ன போடணும்? சிவபதவி அடைந்தார்னா? கர்த்தருக்குள் நித்திரையா?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சிவபதவிதான். பதிகம் சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைக்கும். நான் பாத்திருக்கேன்" என்றார் கோமதிநாயகம்.

"எங்கம்மா சாவுல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுனாரு வே" என்றார் ஞானதுரை.

"ஒரு நோன்பு மாசம் முழுக்க என்கூடப் பட்டினி கெடந்தாரு. அதுக்கு என்ன சொல்றீரு?" என்றார் காஜா மைதீன்.

பொதுவாக ஒரு சொல் போடலாம் என்றார் கடைக்காரர். அவர் பாவம், இவர்கள் யாரென்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

"இறைவனடி சேர்ந்தார்னு போட்டுருவோமா?"

"இறைவனுக்கு அடி ஏது?" என்றார் காஜா மைதீன்.

"காலமானார்?"

"காலன் வந்துருவான்லா அந்தச் சொல்லுக்குள்ள" என்றார் ஞானதுரை.

"இயற்கை எய்தினார்?"

இதற்கு மட்டும் மூவரும் சேர்ந்து மறுத்தார்கள்.

பேச்சு ஆன்மாவுக்குப் போனது. ஆன்மாவிலிருந்து மறுமைக்குப் போனது. மூவருக்கும் விஷயம் தெரியும், அதுதான் கெடுத்தது. கடைக்காரர் இரண்டு முறை எழுந்து வந்தார்.

"சார், காதுகுத்து பேனர் ஒண்ணு காத்துக் கெடக்கு. சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

கடைசியில் 'எங்களை விட்டுப் பிரிந்தார்' என்று ஒத்துக்கொண்டார்கள். அச்சடித்து, சுருட்டி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது.

வாசலில் நாற்காலிகள் கிடந்தன. ஆள் இல்லை. பேராசிரியரின் மனைவி உள்ளிருந்து வந்தார்.

"வந்துட்டியளா? வண்டி போயிட்டுதேய்யா."

"கொஞ்சம் இருக்கச் சொல்லக் கூடாதாம்மா?"

"சொன்னேன். கா மணி நேரம் நின்னாங்க. சந்துக்குள்ள வண்டி வராதுல்லா, தெருமுனை வரைக்கும் ஸ்ட்ரெச்சர்ல நாமளே தூக்கிட்டு வரணும்னுட்டாங்க. பால்காரர் வந்தாரு. எதிர்வீட்டு ஆட்டோத் தம்பியும் அவன் அண்ணனும் வந்தாங்க. நாலாவது மூலைக்கு ஆளில்ல. நானே பிடிச்சுக்கிட்டேன்."

அவர் கையை ஞானதுரை பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

"சுருட்டி வச்சிருக்கியளே, அது என்னதுய்யா?"

பேனரை விரித்துக் காட்டினார்கள். அந்த அம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நல்லாருக்கு. படமும் தெளிவா விழுந்திருக்கு" என்றார்.

கதை இந்த இடத்தில் நின்றது. கோமதிநாயகத்தின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. ஓராண்டு ஆகப்போகிறது, வெட்கம் இன்னும் போகவில்லை.

"அப்பதான் கேட்டேன் பல்கீஸ். அந்த அம்மா கிட்டயே கேட்டேன். சார் எந்த மதம்னு."

"என்ன சொன்னாங்க?"

"உள்ள போய் மூணு டம்ளர்ல காபி கொண்டாந்து தந்தாக. குடிச்சோம்."

பல்கீஸ் பேனாவை மூடினாள். பிறகு மறுபடி திறந்தாள்.

"மலர்ல நான் என்ன எழுதட்டும் சார்?"

"நாலாவது மூலைய அவங்க வீட்டம்மா பிடிச்சாங்கன்னு எழுது. அந்த நேரத்துல சமயம் படிச்ச மூணு பேரு பேனர் கடையில இருந்தாங்கன்னு எழுது. எம்பேர மொதல்ல போடு."