அவுரி ஏறிய தலை

குருவைவிடச் சீடருக்குப் பதினெட்டு வயது அதிகம். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சீடர் குருவைச் சாமி என்பார்.

சிற்றாற்றங்கரையில் ஓடு வேய்ந்த சிறிய மடம் அது. சீடரின் பெயர் ஆவுடையப்பன். வடக்கே தபால் ஆபீஸ்களில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தாயாரோடு இருக்க ஊருக்கு வந்தவர். வாரத்தில் இரண்டு நாள் மடத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது தலை முழுவதும் ஆரஞ்சு நிறமாக இருந்தது.

குரு பார்த்தார்.

“சிரிச்சிருங்க சாமி. தெருவே சிரிச்சாச்சு. பஸ் கண்டக்டர், தலை தீக்குச்சி மாதிரி இருக்கே, தீப்பெட்டி ஆபீசுக்கா போறீங்கன்னு கேட்டான்.”

“உங்களுக்குச் சிரிப்பு வரலியே அண்ணாச்சி.”

“பயமா இருக்கு சாமி.”

“என்ன பயம்?”

“அம்மா பட்டினியில செத்துருவாங்களோன்னு.”

தாயார் சங்கரவடிவுக்கு எண்பத்துநான்கு வயது. ஒரு வருடமாக நினைவு தவறிக்கொண்டிருந்தது. அவர் மனதில் மகன் கருகருவென்ற முடியோடு வேலைக்குப் போன பையன். வீட்டுக்குள் நடமாடும் நரைத்த தலைக்காரர் யாரோ திருடன். மகன் தட்டோடு வந்தால் தாயார் வாயை இறுக மூடிக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய்தான் ஒரு மாதமாக ஊட்டிவந்தாள். அவளும் வெள்ளிக்கிழமை மகளின் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போகிறாள். வர மூன்று மாதம் ஆகும்.

“தலையைக் கருப்பாக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி போய் நில்லுங்கண்ணே, அடையாளம் தெரிஞ்சிரும்னு பேச்சித்தாய்தான் சொல்லிச்சு. கடை டை எனக்கு ஆகாது சாமி. ஒரு தடவை போட்டு முகமே வீங்கிப்போச்சு. அதான் மருதாணி. இரும்புச் சட்டியில டீத்தண்ணி விட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சுத்தான் பூசினேன். இப்படி ஆயிருச்சு.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“தலையில நெருப்போட ஒருத்தன் நிக்கான்னு கத்தினாங்க.”

குருவின் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். குரு உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“நரைக்கு மருதாணி பாதி வேலைதான். மேல அவுரி போடணும், நீலச் சாயச் செடி அது. இந்தப் பொடியை வெதுவெதுப்பான தண்ணியில குழைங்க. ஒரு சிட்டிகை உப்பு. பத்து நிமிஷத்துல மேல நீலம் படரும். உடனே பூசிரணும். ஒன்றரை மணி நேரம் கழிச்சு வெறும் தண்ணியில அலசுங்க. ரெண்டு நாளைக்குச் சீயக்காய் கூடாது.”

“கருப்பாயிருமா?”

“முதல்ல பச்சையாத் தெரியும். பயந்து கழுவிராதீங்க. ரெண்டு நாள்ல கருத்துரும்.”

சீடர் விரல் விட்டு நாளை எண்ணினார். “நாளைக்குப் போட்டா வெள்ளிக்கிழமை சரியா இருக்கும்” என்றார். பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை காலையில் திரும்பி வந்தார். தலை நல்ல கருப்பு. இருபது வயது குறைந்த மாதிரி இருந்தார். ஆனால் உட்காரவில்லை.

“இதை எடுக்கணும் சாமி. எலுமிச்சையா, புளிச்ச தயிரா, எது போட்டா வெளுக்கும்? சொல்லுங்க.”

“அவுரி ஏறினா இறங்காது. என்ன ஆச்சு?”

“நேத்துப் பேச்சித்தாய் பஸ் ஏறிருச்சு. நான் சோத்தைப் பிசைஞ்சு எடுத்துக்கிட்டு அம்மா முன்னால போய் நின்னேன். நிமிர்ந்து பார்த்தாங்க. என் பேரைச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்.”

சீடர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

“எந்திரிச்சுப் பின்னாலேயே போனாங்க சாமி. சுவரோட ஒட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டாங்க. ‘உப்புப் போட்டுட்டேன், இன்னைக்குப் போட்டுட்டேன், வாயில வச்சுப் பாருங்க’ன்னு சொன்னாங்க.”

“யாரைப் பார்த்துச் சொன்னாங்க?”

“எங்க அப்பாவை.”

சீடர் தன் முடியைத் தொட்டுக் காட்டினார்.

“அப்பாவுக்கு நரைக்கவே இல்ல. நாற்பத்தெட்டு வயசுல போயிட்டாரு. அப்புறம் நான் கண்ணாடியில பார்த்தேன். அவருதான் நின்னாரு.”

“உங்களையும் அடிப்பாரா?”

“என்னை ஒரு நாளும் தொட்டதில்ல. அம்மாவைத்தான். சத்தம் கேக்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவேன். வேலைக்கு எழுதிப் போட்டப்போகூட, எந்த ஊரு ரொம்பத் தூரம்னு பார்த்துத்தான் எழுதிப் போட்டேன்.”

குரு தலை குனிந்தார். “இதையெல்லாம் நான் அன்னைக்கே கேட்டிருக்கணும். கேக்காம பொடியைக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது.”

“மொட்டை போட்டுரவா சாமி?”

“போடலாம்.”

“மொட்டைத் தலையைப் பார்த்தா அம்மா யார் செத்தாங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?” சீடர் தன் முடியைப் பிடித்து இழுத்தார். “வெள்ளைன்னா திருடன். சிவப்புன்னா பேய். கருப்புன்னா அப்பா. இனி எந்த நிறத்துல போய் நிப்பேன் நான்?”

“கடைசியா எப்போ சாப்பிட்டாங்க?”

“வியாழக்கிழமை ராத்திரி பேச்சித்தாய் ரெண்டு வாய் ஊட்டிச்சு. வயிறு நிறையச் சாப்பிட்டது புதன்கிழமை மத்தியானம்.”

“அதுவும் பேச்சித்தாய் கையாலதானா?”

சீடர் முடியிலிருந்து கையை எடுத்தார்.

“இல்ல. அம்மா கையாலயே.”

“அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“அங்கேதான். அவுரியைப் பூசி, மேல ஆமணக்கு இலையை வச்சுப் பழைய வேட்டியால இறுக்கிக் கட்டியிருந்தேன். ஒன்றரை மணி நேரம் அசையக் கூடாதேன்னு அடுப்படியில தரையில உக்காந்திருந்தேன். காதோரம் நீலமா வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அம்மா வந்துட்டாங்க. கத்தப் போறாங்கன்னு நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன். அவங்க குனிஞ்சு பார்த்து, ‘யாருய்யா நீ? ரத்தம் இப்படிக் கருத்துப் போயிருக்கே, மண்டை உடைஞ்சிருச்சா?’ன்னு கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“பயத்துல ஆமான்னுட்டேன். ‘வலிக்குதா?’ன்னாங்க. அதுக்கும் ஆமான்னேன். தட்டை எடுத்து மோர் விட்டுப் பிசைஞ்சாங்க. ‘அவரு வர்றதுக்குள்ள சாப்பிட்டுப் போயிரு’ன்னு மெதுவாச் சொன்னாங்க. எனக்கு ஒரு வாய் குடுத்தாங்க. அவங்க ஒரு வாய் சாப்பிட்டாங்க. அப்படியே தட்டு முக்கால்வாசி காலியாயிருச்சு.”

“அப்புறம்?”

“நேரம் ஆயிருச்சேன்னு நான் எந்திரிச்சுப் போய்த் தலையை அலசிட்டேன். அம்மா ரொம்ப நேரம் தட்டைக் கையில வச்சுக்கிட்டு, ‘அந்தப் பையன் எங்க போனான், இன்னும் ரெண்டு வாய் பாக்கி இருக்கே’ன்னு வீடு பூராத் தேடுனாங்க.”

குரு எழுந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் வேட்டியை எடுத்து அகலமாக ஒரு கிழி கிழித்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

சீடர் தரையில் உட்கார்ந்தார். குரு அவர் பின்னால் முட்டி போட்டு, அந்தத் துணியைத் தலையைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.

“என்ன சாமி இது?”

“இப்போ கிளம்பினா மத்தியானச் சோத்துக்குப் போயிரலாம். தட்டை அவங்க பக்கத்துல வச்சிட்டு நீங்க கீழ உக்காருங்க. நீங்க ஊட்ட வேண்டாம்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“பெத்த தாயை ஏமாத்தச் சொல்றீங்களா? என் தலையில காயம் ஒண்ணும் இல்லையே சாமி.”

குரு கருப்பு முடி ஒன்றுகூட வெளியே தெரியாமல் உள்ளே தள்ளி, துணியின் நுனியைச் செருகினார்.

“இல்லையா, அண்ணாச்சி?”