அருந்ததி பார்க்கப் போன குமுதா

ஒரு ஊர்ல ஒரு புருஷன் பொண்டாட்டி இருந்தாங்களாம். ஊருன்னா சும்மா ஊரு இல்ல, ராத்திரின்னா என்னன்னே தெரியாத பெரிய பட்டணம். தெருவுக்குத் தெரு விளக்கு, கடைக்குக் கடை விளக்கு. அவ பேரு குமுதா, அவன் பேரு தணிகை. புதுசாக் கல்யாணம் ஆனவங்க. ம் சொல்லு, சொன்னாத்தான் மேல போவேன்.

ம்.

கல்யாணத்தன்னிக்கு இருட்டினதும் ரெண்டு பேரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய், "வசிஷ்டர் தெரியறாரா, அவரை ஒட்டினாப்ல சின்னதா அருந்ததி தெரியுதா"ன்னு கேட்டாங்க. சொந்தக்காரங்க அத்தனை பேரும் "தெரியுதே, பளிச்சுன்னு தெரியுதே"ன்னாங்க. தணிகை மட்டும் "எனக்குத் தெரியல"ன்னுட்டான். வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம், எங்க இருந்தான்? அவனுக்கு ராஜாமணின்னு ஒரு அத்தை. அவ நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, "அருந்ததி தெரியாதவங்களுக்கு ஆயுசு ஆறு மாசம்னு சொல்வாங்களேடா"ன்னா. அடுத்து குமுதாவக் கேட்டாங்க. அவளுக்கும் தெரியல. பயத்துல "தெரியுது"ன்னு சொல்லிட்டா. அத யார்கிட்டயும் மூச்சு விடல.

அப்புறம் தணிகைக்குச் சோறு இறங்கல. ராத்திரியில எழுந்து எழுந்து உக்காந்துக்குவான். இந்த மனுஷன் பயந்தே போய்ச் சேர்ந்துடுவான் போலிருக்கேன்னு குமுதாவுக்குக் கவலை. "என்னங்க, இந்த வெளிச்சத்துல எந்த நட்சத்திரம் தெரியும்? அமாவாசையன்னிக்கு ஊரத் தாண்டி இருட்டா ஒரு இடம் பார்த்துப் போவோம்"னா. தைரியமாத்தான் சொன்னா. அங்கயும் எனக்குத் தெரியலன்னா என்ன பண்றதுன்னு உள்ளுக்குள்ள உதறல்.

அமாவாசையும் வந்துச்சு. வண்டியில டுர்ருனு கிளம்பினாங்க.

மொதல்ல ஒரு ஏரிக்கரை. அண்ணாந்து பார்த்தா, பட்டணத்து வெளிச்சம் அது வரைக்கும் சாம்பல் பூசினாப்ல வானத்துல ஏறியிருக்கு. அப்போ தண்ணியில "தொபுக்"னு ஒரு சத்தம். "லைட்டப் போடு, லைட்டப் போடு"ன்னான். டார்ச்ச அடிச்சா, தவளை. மறுபடி மேல பார்த்தா ஒண்ணுமே இல்ல, கன்னங்கரேல்.

ம்.

அப்புறம் இன்னும் தள்ளி, ஆள் இல்லாத ஒரு செங்கல் சூளை. இருட்டுக்குள்ள "க்கும்... க்கும்"னு யாரோ கனைக்கிறாங்க. குமுதா தணிகை முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. டார்ச்ச அடிச்சா, கழுதை. மேல பார்த்தா மறுபடி ஒண்ணும் இல்ல. "போச்சு குமுதா, நமக்கு எழுதினது அவ்ளோதான்"னு தணிகை அங்கயே உக்காந்து அழுதுட்டான்.

அப்புறம் குமுதா அவன எழுப்பி இழுத்துக்கிட்டு மூணாவதா ஒரு மலையடிவாரத்துக்குப் போனா. வீடு இல்ல, விளக்கு இல்ல, நாய் கூட இல்ல. ஒரு பாறை மேல உக்காந்தாங்க. மொதல்ல ஒண்ணும் தெரியல. கொஞ்சம் பொறுத்தா ஒண்ணு, ரெண்டு, பத்துன்னு நட்சத்திரம் வருது. அப்போ புதருக்குள்ள சர... சரசர. டக்குனு டார்ச்சப் போட்டா. சத்தம் நின்னுடுச்சு. அணைச்சுட்டு மேல பார்த்தா, வந்த நட்சத்திரம் அத்தனையும் காணோம்.

அப்பதான் அவளுக்கு உறைச்சுது. "ஐயோ, வானத்து மேல குத்தமே இல்லங்க. கண்ணு இருட்டுக்குப் பழகறதுக்குள்ள பயந்து பயந்து விளக்கப் போட்டு நாமதான் கெடுத்துக்கிட்டோம். இனிமே என்ன வந்தாலும் போட மாட்டேன்."

"பாம்பா இருந்தா?"

"காலத் தூக்கிப் பாறை மேல வச்சுக்குங்க. நீங்க மேல பாருங்க, நான் கீழ பார்த்துக்கறேன்."

சரசர... சரசர. கிட்ட வருது. டார்ச்சு மேல அவ விரல் தானாப் போகுது, இழுத்துக்கறா. மறுபடி போகுது, இழுத்துக்கறா. முந்தானையச் சுருட்டி வாயில அடைச்சுக்கிட்டா. அது பாறைக்குப் பக்கத்துலயே வந்து நின்னு "புஸ்ஸு... புஸ்ஸு"னு மூச்சு விடுது. சூடா மூச்சு அவ பாதத்துல படுது. அப்புறம் அந்தண்ட போயிடுச்சு. அது என்னதுன்னு என்னைக் கேட்டா? அவளே பார்க்கல, எனக்கு எப்படித் தெரியும்?

ம்...

அப்போ தணிகை மெதுவா, "குமுதா, ஏழு ரிஷிங்களும் இருக்காங்க. வசிஷ்டருக்குப் பக்கத்துல பொட்டு மாதிரி... தெரியுது"ன்னான். அவளுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. "வாங்க, வீட்டுக்குப் போவோம்"னு எழுந்தா.

அவன் கையப் பிடிச்சு உக்கார வச்சான். "இப்ப நீ மேல பாரு. நான் கீழ பார்த்துக்கறேன்."

"எனக்குத்தான் அன்னிக்கே தெரிஞ்சுதே."

"எல்லாரும் வடக்கால பார்க்க, நீ தெக்கால பார்த்து தெரியுதுன்ன. அன்னையிலேர்ந்து எனக்கு என் உசுரப் பத்திக் கவலையே இல்ல குமுதா. உன்ன நெனச்சுத்தான் தூக்கமே வரல"ன்னான்.

அவளுக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது. தண்ணி நின்னா நட்சத்திரம் தெரியுமா? துடைச்சா, பார்த்தா. மறுபடி துடைச்சா. புதருக்குள்ள மறுபடி சரசர. தணிகை டார்ச்சத் தொடவே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு, "தெரியுது"ன்னா.

"எந்தப் பக்கம்?"னான்.

அவ அவன் கையத் தூக்கி, நேரா வடக்கால காட்டினாளாம்.

கதை வீடு போய்ச் சேர்ந்தாச்சு. நீயும் கண்ண மூடு, தூங்கு.