கறுப்பு என்று சொல்லக்கூடாத குளம்

காட்டோரக் குளத்துக்கு வேணி என்ற நீர்க்காகம் புதிதாகக் குடிவந்தது. அங்கே இருந்தவை எல்லாம் வெள்ளைக் கொக்குகள். வேணியோ தலை முதல் வால் வரை கறுப்பு.

"கரிக்கட்டைக்கு இங்கே என்ன வேலை?" என்று கேலி செய்தது மிடுக்கன் என்ற கொக்கு.

வேணிக்குச் சுருக்கென்று தைத்தது. அது வாய் திறப்பதற்குள் கொக்குத் தலைவர் தவசி முந்திக்கொண்டார்.

"பாவம், அதன் மனம் நோகலாமா? இனி இந்தக் குளத்தில் யாரும் கறுப்பு என்ற சொல்லையே சொல்லக்கூடாது. வேணியைக் கண்டால் தலைகுனிந்து நிற்க வேண்டும்."

அன்று முதல் வேணி நீந்தி வந்தாலே பேச்சு நின்றுவிடும். தலைகள் வரிசையாகக் குனியும். மீன் எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட, வாய் தவறிவிடுமோ என்று பயந்து கொக்குகள் நகர்ந்துவிடும். கேலி போயிற்று. பேச்சுத்துணையும் போயிற்று.

'நான் இங்கே குடியிருக்கிறேனா, கோயில் சிலையாக நிற்கிறேனா?' என்று வேணி அலுத்துக்கொண்டது.

ஒரு நாள் பிற்பகல். கொக்குக் குஞ்சுகள் குளத்து மணல்திட்டில் நடை பழகிக்கொண்டிருந்தன. மரத்தில் மிடுக்கன் காவல் இருந்தது.

"மேற்கே மேகம் வருகிறது," என்றது.

"என்ன மாதிரி மேகம்?" என்றார் தவசி.

மிடுக்கன் வேணியை ஓரக்கண்ணால் பார்த்தது. "வந்து... வெள்ளையாக இல்லாத மேகம்."

"கொஞ்சம் அழுக்கு மேகமா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

இடி உறுமியது. வேணிக்குப் பொறுக்கவில்லை. "கறுப்பு மேகம்! கன்னங்கரேல் என்று வருகிறது. குஞ்சுகளைக் கரையேற்றுங்கள்!"

தாய்க்கொக்குகள் பதறி ஓடின. குஞ்சுகளை ஆழமில்லாத வழியாக ஓட்டிவந்தன. கடைசிக் குஞ்சு கரையேறியதும் மழை கொட்டியது. திட்டு மூழ்கியது.

"உன் முன்னால் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்றுதான்..." என்று இழுத்தார் தவசி.

"ஐயா, என் நிறம் கறுப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேலிதான் வலித்தது. அதை நானே தட்டிக் கேட்டிருப்பேன். நீங்கள் விடவில்லை."

வேணி மிடுக்கன் பக்கம் திரும்பியது. "அன்று என்னைக் கரிக்கட்டை என்றாய். அது தப்பு. இனி அப்படிச் சொல்லாதே."

இத்தனை நாளும் கட்டளைக்காகக் குனிந்த மிடுக்கன், முதல் முறையாக அதன் முகத்தைப் பார்த்தது. "தப்புதான். வேண்டுமென்றேதான் சொன்னேன். மன்னித்துவிடு."

"சரி, கொஞ்சம் தள்ளி உட்கார். நான் இங்கே நனைகிறேன்."

மிடுக்கன் கிளையில் நகர்ந்து இடம் விட்டது. அன்று மழை விடும்வரை இரண்டும் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தன.

நீதி: ஒருவரைப் பாவம் என்று ஒதுக்கிவைத்து வணங்குவதைவிட, அவரைப் பேசவிட்டு, பக்கத்தில் சமமாக இடம் தருவதே உண்மையான மரியாதை.