நாச்சாத்தாளும் நானோ வடிகட்டியும்

சாயப்பட்டறை முதலாளி பொன்னுரங்கம் பளபளக்கும் நானோ வடிகட்டி ஒன்றை நிறுவி, அதை ஆய்வு செய்ய அதிகாரியை அழைத்திருந்தார். அதிகாரி ஒப்பமிட்டால், பட்டறையின் கழிவுநீரை ஊர் ஓடையிலேயே விடலாம். ஒரு குழாயில் செக்கச்செவேலென்று சாயநீர் உள்ளே சென்றது. மறு குழாயில் தெளிந்த நீர் வெளியே வந்தது.

"மயிரிழையைவிடப் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய துளைகள், சார்! சாயம் எப்படித் தப்பும்?" என்றார் முதலாளி.

பட்டறையைக் கூட்டிக் கழுவும் நாச்சாத்தாள், அந்த ஓடையை நம்பியே ஆடு வளர்ப்பவள். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"புடிச்ச சாயமெல்லாம் எங்கீங்க போகுது? இத்தனை நாளா ஒரு கை சகதிகூட நான் அள்ளலீங்களே?"

முதலாளியின் முகம் கறுத்தது. "இந்தத் தண்ணியில ஒரு பொட்டுச் சாயம் காட்டு, பார்க்கலாம். காட்டலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

அவள் வெளியே வந்த நீரை ஒரு குவளையில் பிடித்து உற்றுப் பார்த்தாள். சாயம் இல்லைதான். நேராகச் சென்று, சாயநீர் வரும் குழாயின் வால்வை இறுக மூடினாள்.

உள்ளே ஒரு சொட்டும் செல்லவில்லை. வெளியே தெளிந்த நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"குழாயில மிச்சம் இருந்திருக்கும்," என்றார் முதலாளி. குழாயின் கீழே இருந்த வாளி நிரம்பி வழிந்தது.

"ஏனுங்க முதலாளி, சாயத்தண்ணி இல்லாமலே நல்ல தண்ணி தருதுங்களே! அப்புறம் எதுக்குங்க அதை ஊத்தி இந்த நல்ல மெசினைக் கெடுக்கறீங்க?"

அதிகாரி ஒப்பமிடாமல் எழுந்து, தெளிந்த நீர் வரும் குழாயைப் பின்தொடர்ந்து மதிலுக்கு அப்பால் சென்றார். அங்கே நின்றிருந்த தண்ணீர் லாரியின் ஓட்டுநர், வந்தவர் யாரென்று அறியாமல் கேட்டார்:

"லோடு தீரப் போகுதுங்க. அடுத்ததைக் கொண்டாரட்டுங்களா?"